சிவப்பு டேப் ஒட்டிய டிஸ்க்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது, உடம்பைப் பொறுத்தவரை அதில் பொய்யும் இல்லை. அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறார், என் முழங்கால் வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? அங்கே குளிர் வந்துவிட்டது என்று படம் அனுப்பியிருந்தாய், அதிலும் காதை மூடாமல்தான் நிற்கிறாய், சொன்னால் கேட்கிற பிள்ளையா நீ. கண்ணு, இந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நாலு தடவை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஏம்மா ஒரு மாதிரி பேசற என்று கேட்டாய், ஜலதோஷம் என்றேன், ஜலதோஷமும் இல்லை ஒன்றும் இல்லை. அப்பா ஆபரேஷனுக்கு முன்னால் உனக்கென்று தனியாகப் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தாரே, அது போய்விட்டது. திரும்ப வராதபடி போய்விட்டது. போனதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன், இனி எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

நம் வீட்டுக் கம்ப்யூட்டர் உனக்குத் தெரியும், நீ படிக்கும்போது வாங்கியது. தொண்டை ஆபரேஷனில் குரல் போனதிலிருந்து, இரண்டு வருஷமாக அப்பாவுக்கு வாயே அதுதான். போனில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறது, என் விரலுக்கு அது சரிப்படாது என்று ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டார், வருகிறதைக் கண்ணாடி போட்டுப் படிப்பதோடு சரி. சட்டைப் பையில் சின்ன நோட்டு வைத்திருக்கிறார், ஆனால் நான் தையல் மிஷினில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள், நோட்டை எங்கே பார்ப்பது? கம்ப்யூட்டரில் தட்டினால் அது வாசிக்கும், நான் தைத்துக்கொண்டே பதில் சொல்வேன். அந்தக் குரலுக்கு வாடகைக்காரர் என்று பேர் வைத்திருக்கிறார் உன் அப்பா, நம் வீட்டில் தங்கிக்கொண்டு ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசுகிற ஆளாம். அந்தப் பெட்டி இந்த வருஷம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உறைந்து நிற்க ஆரம்பித்தது. கடையில் கொடுக்கலாம் என்றேன், கேட்டால்தானே. புதுப் பெட்டி, புது மதர்போர்டு எல்லாம் வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்துப் பரப்பிவிட்டார், நாலு நாள் நாங்கள் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். எல்லாம் சேர்த்துப் பூட்டியதும் முதல் வம்பு கீபோர்டு. பழையதற்கு உருண்டை முனை, புதுப் போர்டில் அதற்கு ஓட்டையே இல்லை. தட்டை முனை உள்ளது ஒன்று வாங்கி வந்தார். அது விண்டோஸ் வந்த பிறகுதான் வேலை செய்யும் போல, அதற்கு முன்னால் உயிரே இல்லை. கீபோர்டு கிடைக்கவில்லை, தொடர ஒரு பட்டனை அழுத்துங்கள் என்று திரையில் எழுத்து வந்து நிற்கும். எதை வைத்து அழுத்துவது என்று நான் கேட்டேன், அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வம்பு ஹார்ட் டிஸ்க். நம் பழைய டிஸ்க் ஒன்று, அவரோடு வேலை பார்த்த நண்பர் கொடுத்தது ஒன்று, ஆக இரண்டு. ஒருநாள் இரண்டும் தெரியும், ஒருநாள் ஒன்று தெரியும், ஒருநாள் இரண்டுமே தெரியாது. உள்ளே போய்ச் சரி செய்யலாம் என்றால் அந்தத் திரைக்குப் போக கீபோர்டு வேண்டும், கீபோர்டோ விண்டோஸ் வராமல் எழுந்திருக்காது. ஒயரை மாற்றினார், இடத்தை மாற்றினார், ஒன்பது நாள் மல்லுக்கட்டினார். அந்த ஒன்பது நாளும் வீட்டில் பேச்சே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் ஸ்பூனால் மேஜையைத் தட்டுவார், நான் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் முப்பத்திரண்டு பாவாடை கையில் இருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அந்த ஸ்பூன் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் அவரே இறங்கி வந்து, தெருமுனைக் கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரச் சொன்னார். நண்பர் கொடுத்த டிஸ்கைத் துடைத்து அதில் புதிதாக விண்டோஸ் போடுவது, நம் டிஸ்கை அப்படியே பக்கத்தில் வைத்துக்கொள்வது என்று திட்டம்.

மெக்கானிக் வருகிற அதே காலை அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் தொண்டைத் துளையைப் பார்க்கிற நாள். மாமா கார் கொண்டுவந்து வாசலில் ஹாரன் அடிக்கிறான், உன் மாமாவுக்குப் பொறுமை எவ்வளவு என்று உனக்குத் தெரியும், என் கூடப்பிறந்தவன்தானே. அப்பா என் மிஷினுக்கு முன்னால் வந்து நின்று, சிவப்பு டேப் ஒட்டிய டிஸ்கைத் தூக்கிக் காட்டி இரண்டு தட்டுத் தட்டி, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். நான் தலையாட்டினேன். அவர் நம்பிப் போனார். கண்ணு, தொழிற்சாலையில் அவர் கரண்ட் வேலை பார்த்த காலம் முழுக்க, ஒரு சுவிட்சில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தால் யாரும் கை வைக்கக் கூடாது, மேலே லைனில் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. எனக்கு ஊறியது வேறு. என்னிடம் வருகிற துணியில் சிவப்பு நூல் ஓடியிருந்தால், அந்தத் தையலைப் பிரித்து எடுத்துவிட வேண்டும் என்று அர்த்தம். முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், அவர் சிவப்பும் என் சிவப்பும் வேறு வேறு என்று ஒருநாளும் தெரிந்துகொள்ளவில்லை.

மெக்கானிக் நல்ல பையன் இல்லை, நல்ல மனிதர் என்று சொல்ல வேண்டும், அவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஒழுங்காகத்தான் கேட்டார். அம்மா, ரெண்டு டிஸ்க் இருக்கு, எதுல போடறது, போட்டா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும் என்றார். நான் திரும்பாமலே, சிவப்பு ஒட்டினதுல போடுங்க என்றேன். நல்லா தெரியுமாம்மா, சாருக்கு ஒரு போன் போடலாமா என்றார். போன்ல அவர் என்ன பேசுவார், ஒரு தடவ சொன்னா புரியாதா உங்களுக்கு என்று எரிந்து விழுந்தேன். இந்த வார்த்தையைத்தான் நினைத்து நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அந்த மனிதர் நான் சொன்னதிலேயே போட்டுவிட்டார். கீபோர்டையும் சரி செய்துவிட்டார், உள்ளே ஏதோ ஒன்று அணைந்து கிடந்ததாம், அதைப் போட்டுவிட்டதும் ஆரம்பத்திலிருந்தே வேலை செய்கிறது.

மத்தியானம் அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். முதல் முயற்சியிலேயே திறந்தது, ஆளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாத்தியா, உனக்குச் சமமா பேச ஆள் வந்தாச்சு என்று வாடகைக்காரர் சொன்னார், ஒன்பது நாளுக்குப் பிறகு கேட்ட குரல், நான்கூடச் சிரித்தேன். பிறகு சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் முதுகுதான் தெரிந்தது. திரையில் யாரோ ஒரு குடும்பத்தின் படங்கள், நண்பர் வீட்டுப் பழைய படங்கள். எழுந்துபோய்ப் பெட்டியின் மூடியைக் கழற்றினார், டேப்பைத் தடவிப் பார்த்தார், மறுபடி மூடி நாலு திருகாணியையும் நிதானமாகப் போட்டார். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் முழுக்க அவர் பேசி வைத்தது எல்லாம் அதில்தான் இருந்தது. மோட்டார் எப்படிப் போடுவது, பியூஸ் போனால் என்ன செய்வது, மாமாவைப் பற்றி நாலு வசவு, சுருதி சேராமல் பாடின பாட்டு. பிறகு உனக்கென்று ஒன்று. இன்னொரு பிரதி எடுத்து வைங்கப்பா என்று நீ அப்போதே சொன்னாய், டிஸ்க் என்னைவிட நல்லா இருக்கு என்று அவர் தட்டிக் கழித்தார். இப்ப கேட்டா வழியனுப்பற மாதிரி இருக்கும், அப்பா நல்லபடியா வரட்டும், நான் வந்து பக்கத்துல உக்காந்து கேட்டுக்கறேன் என்றாய். இரண்டு வருஷம் லீவு கிடைக்கவில்லை. போன மாதம்தான் டிக்கெட் எடுத்துவிட்டேன், வந்த அன்னிக்கே முதல் வேலை அதுதான் என்று எழுதியிருந்தாய்.  மெக்கானிக்கே டிஸ்கை எடுத்துக்கொண்டு போய், அழிந்ததை மீட்டுத் தருகிற இடத்தில் கொடுத்தார். பதினோரு நாள் கழித்து வந்தது. மோட்டார் பேச்சு என்று பேர் இருக்கிறது, திறந்தால் வெறும் இரைச்சல். உன்னுடையது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று சொல்ல வேண்டும். டிஸ்க் அழிந்த அன்று சாயந்திரமே மாமா வந்து என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, டேப்பைத் தப்பான டிஸ்கில் ஒட்டிவிட்டேன் என்று அப்பா தட்டினார். மாமா பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷம் கரண்ட் வேலை பாத்தவரு, ரெண்டு டப்பால எது எதுன்னு தெரியலையா என்று மணிக்கணக்கில் பேசினான். அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா உண்மையிலேயே தான்தான் தப்பாக ஒட்டினோம் என்று நம்புகிறார் போல, நல்லதாகப் போயிற்று, அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் கண்ணு, நான்தான் நினைத்தேன். மூன்று வாரம் அந்தப் பழியில் அவரை உட்கார வைத்துவிட்டு நான் சமைத்தேன், தைத்தேன், தூங்கினேன்.

போன வியாழக்கிழமை நூல் வாங்கப் போன இடத்தில் மெக்கானிக்கைப் பார்த்தேன். அவரே தயங்கித் தயங்கி வந்து, அம்மா, நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன்னு அன்னிக்கே சாருக்கு போன்ல எழுதி அனுப்பிட்டேன், என் மேல வருத்தம் வேண்டாம் என்றார்.  நூலைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அவர் முன்னால் நின்று, தெரிஞ்சும் ஏன் சொல்லல என்று கேட்டேன், மன்னிப்புக் கேட்க வேண்டியவள் சண்டைக்குப் போகிற மாதிரி கேட்டேன். அவர் இரண்டு விரலால் நிதானமாகத் தட்டினார். உன் தம்பி உன்னைத் திட்டினா நீ பதிலுக்குப் பதில் பேசுவ, ரெண்டு நாள் ஓடும், என்னைத் திட்டினா என்னால பேச முடியாது, சீக்கிரம் முடிஞ்சிடும் என்று வாடகைக்காரர் வாசித்தார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, அவளுக்கு என்ன சொல்லியிருந்தீங்க, மறுபடி சொல்லுங்க, நான் ஒரு வரி விடாம எழுதி அனுப்பறேன் என்றேன். கீபோர்டு மேல் இரண்டு கையையும் வைத்தார். பிறகு, அது குரல் இருந்தப்ப சொன்னது என்று ஒரே ஒரு வரி. அணைத்துவிட்டு எழுந்து போய்த் தன் டீ டம்ளரைக் கழுவினார். மாமாவிடம் மறுநாளே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் திட்டினான்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை, ஆற அமர யோசித்துக்கொள். அப்பாவிடம் அதைப் பற்றிக் கேட்காதே. வேறு எதையாவது பேசு, தினமும் பேசு. அவரால் பேச முடியாது என்பதால் நீ என்னிடமே பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், அது அவருக்குத் தெரிகிறது. அவர் தட்டி முடிக்கக் கொஞ்சம் நேரமாகும், நடுவில் குறுக்கே பேசாமல் காத்திரு, நான் காத்திருக்காமல் கெட்டது போதும். கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிடாதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், மனஸ்தாபம் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவருடைய ஆசையும் ஆசியும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இன்னும் ஒன்றை எழுதாமல் மூட முடியவில்லை. அன்று உனக்காகப் பேசும்போது அப்பா என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். மிச்சமெல்லாம் தாழ்ந்த குரலில் போய்விட்டது, சின்ன வயசில் எதற்கும் வாதாடுவாயே என்று வைத்த பேரால், வக்கீலம்மா என்று உன்னை இரண்டு தடவை கூப்பிட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது தடவை கூப்பிட்டதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்து இருமினார். பிறகு அவ்வளவுதாம்மா என்றார், நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. உலகத்தில் அதில் மிச்சம் இருப்பது இவ்வளவுதான், அதை உனக்கு அனுப்பிவிட்டேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்து, ஒட்டுக் கேட்டியா என்று கேட்டார். அவர் சொந்தக் குரலில் என்னைக் கேட்ட கடைசிக் கேள்விகளில் அதுவும் ஒன்று. இல்லை என்றேன்.

உன் அம்மா