முதலீட்டாளர் வந்தார், மறுத்தது நாங்கள்

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக் மற்றும் நிறுவனர்,
லிஃப்ட் பழுது முன்னறிவிப்புக் கருவி நிறுவனம்,
அறை எண் 7, இரண்டாம் தளம்,
புதுத்தொழில் ஊக்குவிப்பு மையம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
புதுத்தொழில் ஊக்குவிப்பு மையம்.

பொருள்: "எந்த முதலீட்டாளரின் நம்பிக்கையையும் பெறாத நிறுவனம்" என்று எங்கள் கோப்பில் எழுதப்பட்டுள்ள குறிப்பை நீக்கவும், அறையைக் காலி செய்யும் உத்தரவை மறுபரிசீலனை செய்யவும் வேண்டுதல்.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், சென்ற மாதம் 28ஆம் நாள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினாறு ஆண்டுகள் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவள். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். என் காதுக்குத் தெரிந்ததைக் கருவிக்குக் கற்றுக்கொடுத்தவர் என் நாத்தனார். கணினி நிரல் எழுதுவது அவர் தொழில். மோட்டார் மேல் பொருத்தினால், பழுது வரும் முன்பே எங்கள் கருவி எச்சரிக்கும். ஆளுக்குப் பாதிப் பங்கு என்று தொடங்கிய நிறுவனம் இது.

2. ஓராண்டு முடிவதற்குள் துணிகர முதலீடு பெற்றால்தான் அறை தொடரும் என்பது மையத்தின் விதி. நாங்கள் பெறவில்லை. எனவே இம்மாதம் 30ஆம் நாளுக்குள் காலி செய்யும்படி கடிதம் வந்துள்ளது. விதியை நாங்கள் மறுக்கவில்லை. காரணமாக எழுதப்பட்ட வரிதான் பொய்.

3. முதலீட்டாளர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். நாலு முறை வந்து, கருவியைக் கழற்றிப் பார்த்து, ஒப்பந்த முன்வரைவும் அனுப்பினார். (நகல் இணைப்பு 1.) இது கடன் அல்ல, வட்டியும் இல்லை என்று அவரே விளக்கினார். பணத்துக்கு ஈடாக நிறுவனத்தில் ஐந்தில் ஒரு பங்கும், இயக்குநர் குழுவில் ஒரு நாற்காலியும் கேட்டார். பத்து நிறுவனங்களில் போட்டால் ஏழெட்டு மூழ்கிவிடும், மிச்சம்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஈட்டித் தரவேண்டும் என்பதால் வேகமாக வளர்பவர்களையே தேடுவதாகவும் சொன்னார். நியாயமாகவே பட்டது. அதுவரை எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன்.

4. கையெழுத்துக்கு முந்தின நாள் ஒரு நிபந்தனை சேர்ந்தது. அப்போது என் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். முதலீட்டாளர் என்னைத் தனியே அழைத்து, "கைக்குழந்தைக்காரங்கள நம்பிப் பணம் போட முடியாதுங்க. அவங்க பங்க உங்க பேருக்கு எழுதி வாங்கிடுங்க. நாளைக்கே கையெழுத்துப் போடறேன்" என்றார்.

5. வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டார் நாத்தனார். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, "எனக்காகப் பாக்காதீங்க அண்ணி, எழுதிக்குங்க. நான் சம்பளத்துக்கு வேல செஞ்சுட்டுப் போறேன்" என்றார். பிரசவத்துக்கு முதல் வாரம் வரை தரையில் காலை நீட்டி உட்கார்ந்து நிரல் எழுதியவர் அவர். அவர் பங்கை வாங்கிக்கொண்டு எந்த முகத்தோடு அவர் எதிரில் உட்காருவேன்? மறுநாள் முதலீட்டாளரிடம் போய், "அவ பாதி இல்லேன்னா கருவியே இல்லீங்க" என்று சொல்லி, முன்வரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று வரை அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

6. அடுத்த மாதம், நாங்கள் சோதனைக்காகக் கருவி பொருத்தியிருந்த மருத்துவமனையில், நோயாளிகளைப் படுக்கையோடு ஏற்றும் லிஃப்டின் பிரேக் தேய்வதாகக் கருவி எச்சரித்தது. பராமரிப்பு மேற்பார்வையாளர் நம்பவில்லை. "நல்லாத்தானேம்மா ஓடுது?" என்றார். நான் வாசலை மறித்து நின்று லிஃப்டை நிறுத்த வைத்தேன். பிரித்துப் பார்த்தால் பிரேக் கட்டை காகிதமாய்த் தேய்ந்திருந்தது. அன்று மாலையே அவர் தம் ஆறு லிஃப்டுகளுக்கும் கருவி கேட்டு முன்பணம் கட்டினார். இப்போது நாற்பத்திரண்டு லிஃப்டுகளில் எங்கள் கருவி ஓடுகிறது. வாடிக்கையாளர் பணத்திலேயே நாலு பேருக்குச் சம்பளம் தருகிறோம்.

7. இதைத் தங்கள் உதவி அலுவலரிடம் சொன்னேன். "அது வருமானம்மா, முதலீடு இல்ல. எங்க படிவத்துல அதுக்குக் கட்டமே கிடையாது" என்றார். அவர் மீது குறை இல்லை, படிவம் அப்படி.

8. ஆகவே, மேற்படி குறிப்பை நீக்கி, "முதலீடு முன்வந்தது; நிறுவனர்கள் ஏற்கவில்லை" என்று திருத்த வேண்டுகிறேன். வாடிக்கையாளர் பணத்தில் நடக்கும் நிறுவனங்களுக்கும் அறை தொடரும்படி விதியைப் பரிசீலிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். அறை தர இயலாது என்றாலும் திருத்தத்தை மட்டுமாவது செய்து தாருங்கள். அறை வேறு எங்காவது கிடைத்துவிடும். அந்த வரியைச் சுமந்துகொண்டு இன்னோர் இடத்தில் குடியேற எங்களுக்கு மனமில்லை.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
லிஃப்ட் மெக்கானிக், நிறுவனர்

(ஒப்பம்)
நிரலாளர், நிறுவனர்

இடம்: அறை எண் 7
நாள்: 11.8.2025

இணைப்புகள்: 1. ஒப்பந்த முன்வரைவின் நகல். 2. மருத்துவமனைப் பராமரிப்பு மேற்பார்வையாளரின் கடிதம்.