மயிலத்து மொட்டை

12 ஜூன் 2024
சீப்பில் முடி கொத்தாக வந்தது. மிச்சத்தையும் மழித்துவிட்டோம். கீதாஞ்சலி தலையைத் தடவிப் பார்த்து, "பந்து மாதிரி இருக்கும்மா" என்று சிரித்தாள். ஏழு வயது. எனக்குத்தான் தாங்கவில்லை.

பாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து உறுவையாறு திரும்பும்போது அவரிடம் சொன்னேன்: யார் கேட்டாலும் மயிலம் முருகன் கோயிலில் வேண்டுதல் மொட்டை என்று சொல்லிவிடுவோம். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் இவள் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

13 ஜூன்
தலை நிறையச் சந்தனம் பூசினேன். பக்கத்து வீட்டு பிரவீணா, "இன்னாக்கா, பிரசாதம் எங்களுக்கு இல்லியா?" என்றாள். வில்லியனூர் கடையில் பஞ்சாமிர்தம் வாங்கிக் கொடுத்தேன். முருகா, மன்னித்துக்கொள்.

24 ஜூன்
வார்டில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குத் துணையாக வரும் ஆரோக்கியம் அக்கா இன்று என்னைப் பிடித்துக்கொண்டார். "மருந்தால இவளுக்கு எதிர்ப்பு சக்தி கொறஞ்சிருக்கு. ஊர்ல உண்மைய சொல்லிடும்மா. சளி, காய்ச்சல், அம்மை இருக்குற வூட்லேர்ந்து யாரும் வராம பாத்துப்பாங்க."

தலையாட்டினேன். இவருக்கு எங்கள் தெருவைப் பற்றி என்ன தெரியும்?

6 ஜூலை
பிரவீணாவின் மகள் வந்தாள். இருவரும் ஒரே பாயில் சொப்பு வைத்து விளையாடினார்கள். எத்தனை மாதம் கழித்து அந்தச் சிரிப்பு! தடுக்க மனம் வரவில்லை.

8 ஜூலை
காலையில் பிரவீணா வீட்டு வாசலில் வேப்பிலை. அந்தப் பெண்ணுக்கு அம்மை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டார்கள். "பாக்கலாம்" என்றார் டாக்டர்.

21 ஜூலை
காய்ச்சல். முதுகில் மூன்று கொப்புளம்.

25 ஜூலை
நுரையீரலுக்குள் போய்விட்டதாம். மூச்சு வாங்க வாங்கக் கேட்கிறாள்: "முடி வளந்துட்டா ஸ்கூலுக்குப் போலாமாம்மா?" போலாம்டி. போலாம்.

29 ஜூலை
காலையில் போய்விட்டாள்.

13 ஆகஸ்ட்
காரியம் முடிந்தது. பிரவீணா என் மடியில் விழுந்து அழுதாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்புள்ளைய அனுப்பியிருப்பேனாக்கா?"

அனுப்பியிருக்க மாட்டாள். ஒட்டிக்கும், ஒட்டிக்கும்னு பயந்து செத்தேனே — யார்கிட்டேர்ந்து யாருக்கு ஒட்டுச்சு? என் வாயாலதானே போச்சு எம்பொண்ணு?

11 பிப்ரவரி 2025
செவ்வாய்தோறும் ஆரோக்கியம் அக்காவோடு நானும் வார்டுக்குப் போகிறேன். இன்று சுத்துக்கேணியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மடியில் மழித்த தலையோடு மகள்.

"ஊர்ல வேண்டுதல் மொட்டைன்னு சொல்லிட்டேன்க்கா" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"எந்தக் கோயிலு?" என்று கேட்டேன்.

"மயிலம்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பக்கத்து வூட்டு நம்பரப் போடும்மா. நானே பேசுறேன்."