இடது கைக்கு இடம் விட்டு

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஃபோன் இருக்க இதென்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்ததிலிருந்து நாலு வார்த்தை பேசினால் குரல் உள்ளே போய்விடுகிறது. நீ அங்கே "ஹலோ, ஹலோ" என்று கத்துவாய், நான் இங்கே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பேன். கை இன்னும் எழுதுகிறது. வலது கையைச் சொல்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இனி மருந்து ஏற்றப் போவதில்லை. டாக்டர் நல்ல மனுஷி, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் சொன்னார். கோடையைத் தாண்டுவது கஷ்டமாம். அத்தான் வீட்டு வாசலுக்கு வந்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினார்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். என்னைக் கடைசியாக எடுத்துப் போகும்போது போட ஒரு உடுப்பு தைத்துக் கொடு. ஊருக்கெல்லாம் தைக்கிறாய், எனக்கு ஒன்று. பீரோவில் இருப்பது எதுவும் சேரவில்லை. உடம்பு வற்றிப்போய்விட்டது, இடது கை மட்டும் நீர் கோத்துத் தூண் மாதிரி இருக்கிறது. அத்தான் அவசரத்துக்கு எதையாவது கத்தரித்து மாட்டிவிடுவார் என்று பயம். நாலு பேர் பார்க்கிற இடத்தில் கிழித்த துணியோடு கிடக்க எனக்கு மனசில்லை.

வெள்ளை வேண்டாம். ஒரு வருஷமாக ஆஸ்பத்திரி வெள்ளைக்குள்ளேதான் கிடக்கிறேன்.

என் மகள், உன் மருமகள் வாலு உன்னைக் கேட்டாள். பத்தாம் வகுப்பு வந்தும் நாம் வைத்த பேர் போகவில்லை.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 12

அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தையல் அறையில் நின்றபடியே படித்தேன். பக்கத்து மேஜையில் இருந்தவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்படியெல்லாம் ஆகாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் நீ கோபப்படுவாய்.

தைக்கிறேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

மனசில் மூன்று இருக்கிறது. ஒன்று, பட்டுப்புழுவிலிருந்து வருகிற அந்துப்பூச்சி. கூட்டை விட்டு வந்தபின் அது எதையும் சாப்பிடாது, சிறகு மட்டும்தான். அந்தச் சிறகின் சந்தன நிறத்தில், தோளிலிருந்து தரைவரை. இரண்டாவது, இங்கே ஓவியக்கூடத்தில் ஒரு ராணியின் படம் இருக்கிறது. போருக்குப் புறப்படுகிறாள், நீல அங்கி, கழுத்துவரை மூடிய பட்டி. உன் கழுத்துத் தழும்பு தெரியாது. மூன்றாவது, பிரிவில் மெலிந்தவளின் வளை கழன்று விழுவதாகப் பழம்பாட்டில் வருமே, பள்ளியில் நீ எனக்கு உருப்போட வைத்தாயே, அதுபோலத் தளர்ந்து நழுவுகிற கைகள்.

எது பிடிக்கிறது சொல். அளவு வேண்டும். வாலுவை எடுக்கச் சொல். போட்டோவும் வேண்டும், முன், பின், பக்கவாட்டில். இடது கை தனியாக. கூச்சப்படாதே, நான்தானே.

இங்கே புது உடுப்புகளை மேடையேற்றும் பருவக் காட்சிக்கான வேலை தலைக்குமேல் கிடக்கிறது. எங்கள் தலைமை வடிவமைப்பாளரை 'கத்தரி' என்போம், பேச்சைப் பாதியில் வெட்டுவார். இந்த முறை நான் காட்டிய எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. காட்சி முடிந்ததும் ஓடி வருகிறேன்.

தம்பி

பிப்ரவரி 21

அன்புத் தம்பிக்கு,

உன் மூன்றையும் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "ராணி நல்லாதானே இருக்கு" என்றார். அவருக்கு எல்லாமே நல்லாதான் இருக்கும்.

அந்து சாப்பிடாது என்பதை உயிரியல் டீச்சரான எனக்கே சொல்லிக்கொடுக்கிறாயா? நான் கஞ்சியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், இதில் உடுப்பு வேறு அதைச் சொல்ல வேண்டுமா. ராணியும் வேண்டாம்; நான் எங்கே போருக்குப் போகிறேன், படுத்துத்தானே போகிறேன். வளை கழன்று விழுவது பாட்டில் அழகு. எனக்குக் கழன்றது குளியலறையில். அது நேரே சாக்கடைக் குழாய்க்குள் போயிற்று. அத்தான் கம்பியை விட்டுக் குடைந்தும் வரவில்லை.

நானே ஒன்று சொல்கிறேன், கேள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் நிற்கிறது. உள்ளே மரம் பருக்கப் பருக்கப் பட்டை நீளவாக்கில் வெடித்து இடம் கொடுக்கிறது. வெடிப்புக்குள் சிவப்பாகப் புதுப்பட்டை தெரிகிறது. அசிங்கமாக இல்லை, தம்பி. நாளெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடது கையை அப்படித் தையேன். வெடிப்பு மாதிரி இருக்கட்டும், கிழிசல் மாதிரி வேண்டாம். உன்னால் முடியும்.

அளவு இதோடு இருக்கிறது. போட்டோவும். வாலு நாடாவைப் பிடித்து அளந்துகொண்டே வந்தாள். கைக்கு வந்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். மார்புத் தழும்பு இருக்கிற படத்தை அனுப்பலாமா என்று யோசித்தேன். அளவுக்குத்தானே கேட்கிறாய். உன்னைத் தவிர யாரும் பார்க்க வேண்டாம்.

அக்கா

மார்ச் 16

அக்காவுக்கு,

அந்த மரப்பட்டை என்னைத் தூங்கவிடவில்லை. உடுப்பு மாட்டிப் பார்க்கிற பொம்மை ஒன்றை உன் அளவுக்குக் கொண்டுவந்தேன். வழக்கமாகப் பஞ்சு வைத்துப் பருக்க வைப்போம். இதைச் செதுக்கிச் செதுக்கிக் குறைக்க வேண்டியிருந்தது. இடது கைக்கு மட்டும் பஞ்சு. இப்போது அறைக்குள் நுழைந்தால் நீ நிற்கிறாய். காலையில் வந்ததும் அதற்கு வணக்கம் சொல்கிறேன் என்று இங்கே கேலி செய்கிறார்கள்.

துணி காய்ந்த பட்டையின் பழுப்பு. சாய்வாக வெட்டியிருக்கிறேன், உடம்பில் உறுத்தாமல் வழியும். வெடிப்புகளின் உள்ளே சிவப்புப் பட்டு, எல்லாம் கைத்தையல். நான் இதுவரை செய்ததிலேயே இதுதான் நல்லது.

கொஞ்சம் பொறுத்துக்கொள். தபாலில் அனுப்ப மனசு வரவில்லை, நானே கொண்டுவருகிறேன்.

தம்பி

ஏப்ரல் 4

தம்பிக்கு,

நீ எப்போது வருகிறாய் என்று அத்தான் கேட்கச் சொன்னார். நான் அவசரப்படுத்தவில்லை. என் உடம்புதான் அவசரப்படுகிறது. முடியாவிட்டால் தபாலிலேயே அனுப்பிவிடு. கசங்கினால் தேய்த்துக்கொள்ளலாம்.

அக்கா

ஏப்ரல் 20

தம்பிக்கு,

நேற்று வாலு ஃபோனில் எதையோ பார்த்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தான் தட்டித் தட்டித் திறக்க வைத்தார். ஃபோனை என்னிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் தரமாட்டேன் என்றார். பிறகு தந்தார்.

உன் காட்சி. அழகான பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நடந்து வருகிறார்கள். எல்லோருக்கும் இடது கையில் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறாய். எல்லோரும் ஒரு தோளைச் சாய்த்து நடக்கிறார்கள், நான் நடப்பதைப் போலவே. யார் சொல்லிக்கொடுத்தது? அவர்களுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு பெண்ணின் உடம்பு, கரிக்கோட்டில். முகம் இல்லை. முகம் எதற்கு, தழும்பு இருக்கிறதே. வாலு முதல் பார்வையிலேயே கண்டுகொண்டாள்.

கடைசியாக என் உடுப்பு வந்தது. நல்ல உயரமான பெண். எனக்கு அளவெடுத்தது அவளுக்கு எப்படிச் சேர்ந்தது? பிரித்துத் தைத்தாயா?

உடுப்பு நன்றாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அத்தான் உனக்கு ஃபோன் போடப் போனார். நான்தான் வேண்டாம் என்றேன்.

அக்கா

ஏப்ரல் 26

அக்காவுக்கு,

என்ன எழுதினாலும் சாக்குச் சொல்வது போலத்தான் இருக்கும். நடந்ததைச் சொல்கிறேன்.

கத்தரி என் அறைக்கு வந்தார். பொம்மையைப் பார்த்தார், மேஜைமேல் உன் போட்டோவை வைத்து நான் வரைந்திருந்த படங்களையும் பார்த்தார். "இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?" என்று கேட்டார். இது என் அக்காவுக்கு, வெளியே காட்ட இல்லை என்று சொன்னேன். சொன்னேன் அக்கா, சத்தியமாக. அவர் காட்சியை இதை வைத்தே நடத்தலாம் என்றார். அன்றைக்கே மறுத்திருக்கலாம். நான் செய்ததை ஒருவர் அப்படிப் பார்ப்பதற்காக இத்தனை வருஷம் காத்திருந்தேன். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அரங்கத்தில் பலர் அழுதார்கள். ஒரு அம்மா மேடைக்குப் பின்னால் வந்து, தனக்கும் இதே கைதான் என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டார். உன்னை மதித்துத்தான் செய்தேன்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. ஓவியக்கூடத்துக்காரர்கள் அந்த உடுப்பை நிரந்தரமாக வைக்கக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். உனக்கு வேறொன்று, அதைவிட நன்றாகத் தைத்துவிடுகிறேன். ஆரம்பித்துவிட்டேன். புதிதாக அளவு எடுத்து அனுப்பச் சொல், இப்போது மாறியிருக்கும். இல்லை, நானே வந்து எடுக்கிறேன். டிக்கெட் போடுகிறேன்.

தம்பி

மே 7

தம்பிக்கு,

இதை வாலு எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. அவள் ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அழுதவர்களைப் பற்றி எழுதியிருந்தாய். அவர்கள் யாருக்கும் என்னைத் தெரியாது. எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. உன்மேலும் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியவில்லை, அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும்.

உடுப்பு விஷயம் முடிந்துவிட்டது. போன வாரம் அத்தான் யாரிடமும் சொல்லாமல் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். பெண்கள் துணி விற்கிற கடையில் நின்று, என்ன கேட்பது என்று தெரியாமல் முழித்து, இருப்பதிலேயே பெரிய அளவாகப் பார்த்து ஒரு கவுன் வாங்கி வந்தார். பூப் போட்டது. சின்னப் பூ இல்லை, ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம், கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு. நீ பார்த்தால் மூச்சு நின்றுவிடும். என்னைப் போல மூன்று பேர் உள்ளே போகலாம். ஆனால் கை நுழைகிறது. "புடிச்சிருக்கா?" என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன். பொய் இல்லை. என்னை மட்டும் நினைத்துக்கொண்டு வாங்கியது.

டிக்கெட் போடுவதாக எழுதியிருந்தாய். வேண்டாம், வராதே. நீ வந்தால் என்னைப் பார்ப்பாய். பார்த்தால் வரைவாய். உடனே இல்லாவிட்டாலும் என்றைக்காவது. அதை உன்னால் நிறுத்த முடியாது. சின்ன வயசிலிருந்தே உன் கை அப்படித்தான், எனக்குத் தெரியாதா. கடைசியில் என் முகம் எப்படி இருக்குமோ, அது இவர்கள் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மே 13

அக்காவுக்கு,

இது உன் கைக்கு வந்து சேருமா என்று தெரியவில்லை. வந்தால் வாலு படித்துக் காட்டட்டும்.

பை கட்டி வைத்திருந்தேன். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போதுதான் உன் கடிதம் வந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்து படித்தேன். நீ நினைப்பது தப்பு, நேரில் வந்து காட்டுகிறேன் என்று எழுந்தேன். அப்போதுதான் கையிலிருந்த கவரைப் பார்த்தேன். அதன் பின்பக்கம் முழுக்க அந்தப் பூவை வரைந்திருக்கிறேன். அதற்குள் ஒரு தோள். எப்போது பேனாவை எடுத்தேன் என்றே தெரியவில்லை.

நான் வரவில்லை அக்கா. பொம்மையைப் பிரித்துவிட்டேன்.

அத்தானிடம் ஒன்று மட்டும் சொல். கவுன் பெரிதாக இருந்தால் கத்தரியை எடுக்க வேண்டாம். மிச்சத் துணியை முதுகுப் பக்கம் மடித்து, இரண்டு இடத்தில் பின் குத்தினால் போதும். படுத்திருக்கும்போது வெளியே தெரியாது.

தம்பி