இன்று போட்ட சட்டை

3-6-2024, திங்கள்

பழுப்புப் பேண்ட். நீலக் கட்டம் போட்ட சட்டை. மத்தியானம் தட்டோடு உள்ளே போனேன். வசந்தா "யாருய்யா நீ?" என்றாள். தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

இதை எழுதுவதற்குள் காபி ஆறிவிட்டது. ஆனால் எழுதிவிட்டேன்.

4-6-2024, செவ்வாய்

கறுப்புப் பேண்ட். அதே சட்டை.

தினமும் என்ன எழுதுவது என்று கிரிஜா அம்மாவிடம் கேட்டிருந்தேன். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், முன்பக்கம் இருக்கிறார். இங்கே செகந்திராபாத் மாரெட்பள்ளியிலேயே டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். "ஒண்ணும் தோணலேன்னா, இன்னிக்கு என்ன சட்டை போட்டீங்கன்னு எழுதுங்க. நான் மார்க் போடப் போறதில்ல," என்றார்.

எழுபத்தொரு வயதில் அவரிடம் எழுத்துக் கற்றுக்கொண்டவன் நான். மாத்திரையால் வந்தது. வீட்டுக் காகிதங்களை எல்லாம் என் மனைவி வசந்தாதான் பார்ப்பாள். இரண்டு வருஷமாக அவளுக்கு நினைவு தப்புகிறது. மாத்திரைக் கவர் மேல் 'காலை', 'இரவு' என்று கிரிஜா அம்மா எழுதிக் கொடுத்தார். கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். எது காலை, எது இரவு என்று தெரியவில்லை. அன்றுதான் அவரிடம் சொன்னேன். கட்டிய மனைவியிடம் நாற்பத்து நான்கு வருஷம் சொல்லாததை, வாசலில் நின்று அவரிடம் சொன்னேன்.

6-6-2024, வியாழன்

இன்றைக்கு வெளிர் பச்சைச் சட்டை, பழுப்புப் பேண்ட். இரண்டும் நன்றாகச் சேர்கின்றன. கண்ணாடி முன்னால் இரண்டு தடவை நின்றேன்.

முப்பத்தொரு வருஷம் உப்பலில் ஒரு கம்பெனி கேட்டில் காவல். இரண்டு செட் காக்கி. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். எதற்கு எது சேரும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. வேலை முடிந்த அன்று தொப்பி, பெல்ட் உட்பட எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பையில் கொண்டுபோன லுங்கியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு போட்டதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் குவியலில் பொறுக்கிய துணிதான். யாரோ போட்டு அலுத்தது. எனக்குப் புதுசு.

வசந்தா இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு கையைத் தட்டிவிட்டாள்.

9-6-2024, ஞாயிறு

கிரிஜா அம்மா வசந்தாவோடு உட்கார்ந்துகொண்டார். நான் செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கம் நடைபாதைக் கடைக்குப் போனேன். துணி விற்கிற நஸ்ரின் பழைய துணிக் குவியலின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா வாணியம்பாடிக்காரர். அதனால் என்னோடு தமிழ் பேசுவாள், உருது கலந்த அவள் மாதிரித் தமிழ்.

சிவப்புப் பூப்போட்ட சட்டை ஒன்றை எடுத்தேன்.

"நக்கோ, வேணாம் சாச்சா! அது கல்யாண பேண்டுல டிரம் அடிக்கிறவன் போடுறது."

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"கண்ணு வலிக்குது. எதுக்கு இந்த வயசுல பூவு? இந்தா, கோடு போட்டது, எடுத்துக்கோ."

இரண்டையும் எடுத்துக்கொண்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பஸ்ஸில் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். ஏழு பித்தான், ஏழும் இருக்கின்றன.

10-6-2024, திங்கள்

பூப்போட்ட சட்டை. வசந்தா சத்தம் போட்டாள். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

12-6-2024, புதன்

கோடு போட்ட சட்டை. சாப்பிடவில்லை.

15-6-2024, சனி

சுபாஸ்ரீ பெங்களூரிலிருந்து வந்தாள். எங்களுக்கு ஒரே மகள். அவள் ஊட்டினால் வசந்தா சாப்பிடுகிறாள். பெண்கள் யார் ஊட்டினாலும் சாப்பிடுகிறாள். காலையில் கிரிஜா அம்மா. மத்தியானமும் ராத்திரியும் நான் - அப்போதுதான் பட்டினி.

"வெயிட் ஒன்பது கிலோ குறைஞ்சிருக்குப்பா," என்றாள் சுபா. "அம்மாவுக்கு நீங்க யாரோ. யாரோ ஒரு ஆம்பளை ரூமுக்குள்ள வர்றான்னு பயப்படுறாங்க. அவங்க மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல."

பெங்களூரில் லேடீஸ் மட்டும் இருக்கிற இல்லம் ஒன்று பார்த்திருக்கிறாளாம். இந்த மாசக் கடைசியில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். ஆண்களை அங்கே சேர்ப்பதில்லை.

சரி என்றேன். ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். கை மரத்துப்போயிருந்தது, வெகு நேரம் அதை ஊன்றி உட்கார்ந்திருந்ததால்.

16-6-2024, ஞாயிறு

பஸ்ஸில் போகும்போது தோன்றியது. வசந்தா என்னைப் பார்த்ததெல்லாம் காக்கியில்தானே? நஸ்ரினிடம் காக்கித் துணி கேட்டேன்.

"போலீஸ் வேலை கிடைச்சிச்சா சாச்சா?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். அதன்பிறகு அவள் கேலி பண்ணவில்லை. குவியலைத் தலைகீழாகப் புரட்டி ஒரு காக்கிப் பேண்டும் சட்டையும் எடுத்தாள். தோளில் பட்டை இருக்கிறது. காலருக்குள் சலவைக்காரர் மையில் போட்ட குறி. நாற்பது ரூபாய் நீட்டினேன். வாங்கவில்லை.

17-6-2024, திங்கள்

குளித்தேன். காக்கிச் சட்டை, காக்கிப் பேண்ட். தலையை வகிடெடுத்து வாரினேன். மாலை ஆறு மணிக்கு, டூட்டி முடிந்து வருகிற நேரத்துக்கு, வெளியே போய்க் கதவைத் தட்டினேன்.

வசந்தா எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"அவரு டூட்டிக்கு போயிக்கிறாரு," என்றாள். "நீங்க நைட்டு டூட்டிக்காரரா? கேட்டுல போய் பாருங்கண்ணா." தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

கிரிஜா அம்மா வந்து திறக்கச் சொல்லும் வரை வாசலில் நின்றேன். நிற்பது எனக்குப் பழக்கம்தான்.

18-6-2024, செவ்வாய்

கோடு போட்ட சட்டை.

20-6-2024, வியாழன்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

துவைத்தது எதுவும் காயவில்லை, மழை. நஸ்ரினிடம் எப்போதோ வாங்கிய வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேண்டும்தான் இருந்தன. கிரிஜா அம்மாவிடம் பாடம் முடித்துவிட்டு, பாக்கெட்டில் பேனாவும் கையில் இந்த நோட்டுமாக உள்ளே வந்தேன்.

வசந்தா சட்டென்று எழுந்தாள். முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாங்க சார். உக்காருங்க. ரேஷன் கார்டு விஷயமா வந்தீங்களா?"

ஆமாம்மா என்றேன்.

"வெயில்ல வந்திருப்பீங்க. ஒரு வாய் சாப்பிட்டுதான் போகணும்." வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

நான் செய்த இட்லிதான், மூடி வைத்திருந்தேன். அவளே எடுத்து எனக்கு வைத்தாள். நீங்களும் சாப்பிடுங்கம்மா, இல்லாவிட்டால் நான் சாப்பிட மாட்டேன் என்றேன். விருந்தாளியைப் பட்டினி போடுவாளா? இரண்டு இட்லி சாப்பிட்டாள். முழுசாக இரண்டு. மாத்திரையைக் கொடுத்தேன். "கவர்மெண்ட்டு குடுக்குதா?" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

21-6-2024, வெள்ளி

நேற்றுப் போட்டதையே போட்டேன். மத்தியானம் சோறு, ரசம். தட்டு காலி.

22-6-2024, சனி

சோதித்துப் பார்ப்போம் என்று பச்சைச் சட்டை போட்டேன். "யாருய்யா நீ?" வெளியே போய் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். "வாங்க சார்."

சுபாவுக்கு போன் பண்ணினேன். அம்மா சாப்பிடுகிறாள் என்றேன். அவள் நம்பவில்லை. "ஓகேப்பா, நான் இருபத்தொன்பதாம் தேதி வர்றேன்," என்றாள்.

23-6-2024, ஞாயிறு

"ஆபீசர் மாதிரி துணி வேணும்மா," என்றேன்.

நஸ்ரின் இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எவ்ளோ பெரிய ஆபீசர்? தாசில்தாரா, கலெக்டரா?"

"ரேஷன் கார்டு ஆபீசர்."

"ஹவ், சரி. அப்போ சஃபாரிதான்."

சாம்பல் நிறம். அரைக் கை. நான்கு பாக்கெட். மேல் பாக்கெட் மூடியில் ஒரு பித்தான் மட்டும் இல்லை. இப்போது யாரும் இதைப் போடுவதில்லையாம், குவியலின் அடியில் வருஷக் கணக்காகக் கிடந்ததாம். அவள் கைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். என்னைப் பார்த்தால் நானே எழுந்து சல்யூட் அடிப்பேன். அப்படி இருக்கிறது.

"பேனா எங்கே சார்?" என்றாள். காட்டினேன். "எழுத வருமா?" என்றாள் சிரித்துக்கொண்டு. வரும் என்றேன். அவளுக்கு அது வேடிக்கைப் பேச்சு. எனக்கு அந்த ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

25-6-2024, செவ்வாய்

சஃபாரி. இன்று போட்டதை எழுதியாகிவிட்டது. மற்றதை எழுதலாமா என்று தெரியவில்லை. மூன்று தடவை பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் வசந்தா, "சார், கையெழுத்து போடணும்னா எங்கிட்ட வாங்கிக்கங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுடாதீங்க," என்றாள்.

ஏம்மா என்றேன்.

வாசல் பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அவருக்கு எழுத்து தெரியாது சார். இங்கிலீஷ்ல பேர மட்டும் வரைவாரு. எனக்கு தெரியும்னு அவருக்கு தெரியாது. நீங்க சொல்லிடாதீங்க."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"கண்ணாலமாகி மூணாவது மாசம். எங்கம்மா லெட்டர் போட்டிருந்திச்சி. என் கையில மாவு, படிங்கன்னு குடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாரு. எல்லாரும் சௌக்கியமாம்னாரு. அப்புறம் எடுத்து நான் படிக்கிறேன் - எங்க தாத்தா செத்துட்டாருன்னு போட்டிருக்கு சார்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, அந்தக் காலத்தில் சிரிக்கிற மாதிரி.

"அதுக்கப்புறம் அவரை படிக்க விட்டதே இல்ல. டூட்டி முடிச்சி களைச்சி வந்திருக்கீங்க, டீ குடிங்க, நான் படிக்கிறேன்னுடுவேன்."

"தெரியும்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா தலை குனிஞ்சிடுவாரு சார். கேட்டுல நிக்கிற ஆளு. நிமிர்ந்து நிக்கணுமில்ல?"

தாத்தா செத்த லெட்டரா அது. சௌக்கியமாம்னு சொன்னேனே. அன்னிக்கு ராத்திரி அவ அழுதா, ஊர் ஞாபகமான்னு கேட்டேன், ஆமான்னா. நாப்பத்து நாலு வருஷம் - நான் களைச்சி வந்திருக்கேன்னுதான் படிக்கிறாள்னு இருந்துட்டேன். இப்ப எனக்கு தெரியும் வசந்தா, படிக்க தெரியும், எழுத தெரியும் - யார்கிட்ட போய் சொல்றது? ஆபீசருக்கு எழுத்து தெரியிறதுல என்ன அதிசயம்?

அழுகை வரும் என்று வெளியே போய் உட்கார்ந்தேன். வரவில்லை. சஃபாரியைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினேன்.

26-6-2024, புதன்

சஃபாரி. இரண்டு தோசை.

29-6-2024, சனி

சுபா வந்தாள். கையில் அவள் பை ஒன்று, அம்மாவுக்கென்று காலிப் பெட்டி ஒன்று.

"அப்பா, என்ன இது? இன்டர்வியூவா?"

"சத்தம் போடாத," என்றாள் வசந்தா. "சார் வந்திருக்காரு. ஒரு தட்டு எடுத்து வை."

சுபா எடுத்து வைத்தாள். சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தா சோறும் கீரையும் சாப்பிட்டாள். எனக்கு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி அவளை அதட்டினாள். மாத்திரை போட்டுக்கொண்டாள். "அடுத்த வேளைக்கும் வந்துடுங்க சார், கார்டு வேலை முடியற வரைக்கும்," என்றாள்.

வெளியே வந்ததும் சுபா கேட்டாள். "எத்தனை நாளைக்குப்பா இப்படி?"

"துணி கிழியற வரைக்கும்."

"அவங்க உங்களை சார்னு கூப்பிடுறாங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லையா? இனிமே ஒருநாள்கூட நீங்க நீங்களா அவங்க முன்னாடி இருக்க முடியாது."

"முப்பத்தொரு வருஷம் போறவன் வர்றவனை எல்லாம் சார்னு கூப்பிட்டேன். ஒருத்தன்கூட என்னை திருப்பி கூப்பிடல. இப்ப ஒருத்தி கூப்பிடுறா. கூப்பிடட்டுமே."

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கும் சேர்த்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

30-6-2024, ஞாயிறு

சுபா மத்தியான ரயிலுக்குத் தனியாகப் போனாள். போவதற்கு முன்னால் சஃபாரிக்கு அந்த ஒரு பித்தானைத் தைத்துக் கொடுத்தாள். நிறம் கொஞ்சம் ஒத்துவரவில்லை. பரவாயில்லை.

காலிப் பெட்டி பீரோ மேல் இருக்கிறது. எடுத்துப்போக மறந்தாளா, விட்டுப்போனாளா, கேட்கவில்லை. பச்சை, கோடு, பூ எல்லாவற்றையும் மடித்து அதில் வைத்தேன். பூப்போட்டதை மட்டும் கடைசியாக ஒரு தடவை கிரிஜா அம்மா வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போனேன். "பிரமாதம்," என்றார்.

4-7-2024, வியாழன்

வெள்ளைச் சட்டை, சாம்பல் பேண்ட். சஃபாரி துவைத்துப் போட்டிருக்கிறது.

சாப்பாடு ஆனதும் வசந்தா கேட்டாள். "இவ்ளோ நாளா வர்றீங்க, இன்னும் ஒண்ணும் எழுதிக்கலையே சார்?"

நோட்டைத் திறந்தேன். பெயர் கேட்டேன். வசந்தகுமாரி என்றாள். எழுதிக் காட்டினேன். சரியா எழுதறீங்க என்றாள். பிறகு, யோசிக்காமல்தான் கேட்டேன்: "வீட்டுக்காரர் பேரு?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவரு பேரை நான் எப்படி சார் சொல்றது?"

உண்மைதான். ஒருநாளும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவரைத்தான் சொல்லச் சொல்வாள்.

"பேர் இல்லாம கார்டு வராதேம்மா," என்றேன்.

என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். "சொல்லத்தானே கூடாது. குடுங்க," என்று பேனாவை வாங்கினாள். நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னைவிட மெதுவாக எழுதினாள். எழுதி முடித்து, நான் பார்ப்பதற்குள் கையால் மூடிக்கொண்டாள்.

"சத்தமா படிச்சிடாதீங்க சார். அவரு வர்ற நேரம்."

கையை எடுத்தாள். மனசுக்குள் படித்தேன். ஒவ்வொரு எழுத்தாக. கீழே இருப்பது அவள் கையெழுத்து.

ஏகாம்பரம்