மூன்றாம் மாடிப் பூஜ்ஜியம்

ஆகஸ்ட் 4, திங்கள்

திங்கட்கிழமை காலையில் என் முதல் வேலை போர்டு. பழைய எழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மார்க்கரை எடுத்து நான்தான் எழுதுவேன். வேறு யாரையும் விடமாட்டேன். 'மூன்றாம் மாடி, அறுவை வார்டு. இந்த ஆண்டு ஊசிக் காயம்: 0.' அந்தப் பூஜ்ஜியத்தைக் கோலம் போடுகிற மாதிரி நிதானமாக வளைப்பேன்.

என்ன தப்பு? மூன்று வருஷமாக வேலை செய்கிறவர் கையில் ஊசி குத்தாத வார்டு திருச்செங்கோட்டில் வேறு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, சொல்லட்டும். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் காயமே இல்லாத வார்டுக்கு, ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரிய டாக்டர் கையால் குத்துவிளக்கு கொடுப்பார்கள். மூன்று வருஷமாக அது எங்கள் மேசையை விட்டு இறங்கவே இல்லை. இரண்டாம் மாடி இன்சார்ஜ் தீபிகாவுக்கு வயிற்றெரிச்சல். "உங்க மாடி ஊசிக்கு மட்டும் கண்ணு இருக்குதுங்களா உஷாராணி சிஸ்டர்?" என்று லிஃப்டில் கேட்டாள். "ஊசிக்கு இல்லைம்மா, எங்களுக்கு இருக்குது" என்றேன்.

வீட்டுக்காரர் மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு இருக்கிறார். போனில் போர்டைப் பற்றிச் சொன்னால் சிரிக்கிறார். "முட்டை வாங்கிட்டு இத்தனை பெருமை பேசற ஆளு நீ ஒருத்திதான்." போகட்டும், பொறாமை.

ஆகஸ்ட் 6, புதன்

புதுசாக வந்த நர்ஸ் சௌந்தர்யாவுக்குக் கை வேகம். கொஞ்சம் அதிக வேகம். ஒரு நாள் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

சின்னாயி அக்கா இடது கையால் மாப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் மாடியைக் கூட்டித் துடைத்து, கழிவுப் பைகளைக் கட்டிக் கீழே இறக்குகிறவள் அவள்தான். காண்ட்ராக்ட் ஆள். வலது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றி மஞ்சள் கசிந்திருந்தது.

"என்னக்கா இது?"

"கதவுல நசுங்கிருச்சுங்க சிஸ்டர்."

கதவில் நசுங்கினால் நகம் கறுக்காதா? பிடித்து இழுத்து அவிழ்த்தேன். நகம் வெள்ளையாக இருக்கிறது. விரல் நுனியில் ஒரே ஒரு புள்ளி. இந்தப் புள்ளி எனக்குத் தெரியாதா?

அப்புறம்தான் சொன்னாள். திங்கட்கிழமை சிவப்புப் பையைக் கட்டும்போது உள்ளே ஊசி கிடந்திருக்கிறது. அது வெள்ளை டப்பாவில் விழ வேண்டிய ஊசி. கையுறையைத் தாண்டிக் குத்திவிட்டது. குழாயில் கழுவி, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு, மீதிப் பைகளையும் இறக்கியிருக்கிறாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"ஏக்கா சொல்லல? அன்னிக்கே ஏன் சொல்லல?" — கத்திவிட்டேன்.

"நம்ம மாடிக்கு வெளக்கு வரோணுமில்லீங்க. என்ற ஒரு வெரலுக்காக அது போயிரோணுமாக்கும்?"

எந்த பெட் பக்கத்துப் பை என்று கேட்டேன். ஆறாம் பெட்டாம்.

ஆறாம் பெட்காரருக்கு மஞ்சள்காமாலைக் கிருமி, பி வகை. கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதியது நானேதான். மற்ற கிருமி எதுவும் அவருக்கு இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். எனக்குத் தடுப்பூசி மூன்று டோஸும் போட்டாயிற்று, சௌந்தர்யாவுக்கும் ஆயிற்று. "உங்களுக்குப் போட்டாங்களாக்கா?" என்றால், "நாங்க காண்ட்ராக்ட்டுங்களே" என்கிறாள், ஏதோ காண்ட்ராக்ட் ஆளை ஊசி குத்தாது என்கிற மாதிரி.

நேரே மேனேஜர் சபரிநாதன் ரூமுக்குப் போனேன். "இதைப் பதிவு பண்ணோணும் சார், இன்னைக்கே எதிர்ப்பு மருந்து போடோணும்." அவர் கதவைச் சாத்தினார். தரச் சான்றிதழுக்கு ஆறு மாசத்தில் தணிக்கைக்காரர்கள் வரப்போகிறார்களாம், இந்த நேரத்தில் காயம் என்று எழுதினால் பேர் கெடுமாம். "அந்தம்மா நம்ம ஆளே இல்லை சிஸ்டர். காண்ட்ராக்டரைக் கேளுங்க." காண்ட்ராக்டரைக் கேட்டால், "ஊசி உங்க ஆஸ்பத்திரி ஊசிதானுங்க?" என்று போனை வைத்துவிட்டார்.

ஊசிக்கு ஒரு முதலாளி, விரலுக்கு ஒரு முதலாளியா? கிருமி யாரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போகும்? சொல்லுங்கடா!

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் இவரிடம் போனில் அழுதேன். எப்போதும் கிண்டல் பேசுகிற மனிதர் இன்று கிண்டல் பண்ணவில்லை. "வண்டியில ஒருத்தன் கை மாட்டுச்சுன்னா மொதல்ல எஞ்சினை நிறுத்துவோம். யார் தப்புன்னு அப்பறந்தான் பேசுவோம். நீ எஞ்சினை நிறுத்து உஷா."

டிரஸ்ஸிங் ரூம் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. மருத்துவக் கழிவு விதிகள். எங்கள் ஆஸ்பத்திரியே லேமினேட் பண்ணி மாட்டியது. தினமும் அதன் முன்னால்தான் கை கழுவுகிறோம், யார் படித்தோம்? கழிவைக் கையாளுகிற எல்லாருக்கும் தடுப்பூசி போட வேண்டும், விபத்து நடந்தால் பதிவு செய்ய வேண்டும், பொறுப்பு நிறுவனத்தை நடத்துகிறவருடையது. காண்ட்ராக்ட் ஆள் தவிர என்று எங்கேயும் இல்லை. ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரிய டாக்டர் ரூமுக்குப் போனேன். கூட சின்னாயி அக்கா. அவள் வரமாட்டேன் என்றாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பெரிய டாக்டர் அட்டையைப் பார்க்கவே இல்லை. அவள் விரலைத்தான் பார்த்தார். "எப்பம்மா?" "திங்கக்கிழமைங்க சாமி." உடனே போனை எடுத்து சேலத்திலிருந்து மருந்து வரவழைக்கச் சொன்னார். அப்புறம் சபரிநாதனைக் கூப்பிட்டு, "இந்தம்மா கையில குத்தினது என் ஊசி. மேலே என்ன பேசணும்?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபது வருஷமாக இந்த மனிதரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு ஒரு நாள் காலில் விழலாம் போல இருந்தது. விழவில்லை.

மத்தியானம் மருந்து வந்தது. நானே போட்டேன், ஒரு பக்கம் எதிர்ப்பு மருந்து, மறு பக்கம் முதல் தடுப்பூசி. ரத்தப் பரிசோதனைக்கும் எடுத்தாயிற்று. "உங்க கை எறும்பு கடிச்சாப்புடிகூட இல்லீங்க" என்றாள். அது எனக்குத் தெரியும்.

ஆறு மாசம் கழித்து மறுபடி பார்த்தால்தான் தப்பித்தாளா இல்லையா தெரியும். ஆறு மாசம்!

சௌந்தர்யா லினன் ரூமில் உட்கார்ந்து அழுதாள். "நான்தான் சிஸ்டர் பையில போட்டுட்டேன்." இரண்டு அறை விடலாம் போலத்தான் வந்தது. ஆனால் வெள்ளை டப்பாவை ஏன் வாஷ்பேசின் பக்கம் தள்ளி வைத்திருக்கிறோம்? ரவுண்ட்ஸ் வரும்போது வார்டு பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று. அப்படி வைக்கச் சொன்னது யார்? நான். ஊசியைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் அந்தப் பெண் நடக்க வேண்டும். "அழுவாத, எந்திரி" என்று அவளைக் கூட்டிப் போய், ஒவ்வொரு பெட் பக்கத்திலும் ஒரு டப்பா மாட்டினோம். லட்சணம் போனால் போகிறது.

கடைசியாக போர்டு. துடைத்தேன். 1 என்று எழுதினேன். கோணலாக வந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று மார்க்கரை எடுக்கும்போது பின்னால் எங்கள் நர்ஸுகள் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்திக்கு மே மாசமே குத்தியதாம். இன்னொருத்திக்கு ஊசி மூடும்போது, எப்போது என்றே மறந்துவிட்டதாம். "உங்க சைபரைக் கெடுக்க வேண்டாம்னு சொல்லல சிஸ்டர்."

என்னுடைய சைபர்! மூன்று வருஷமாக நான் வளைத்து வளைத்துப் போட்ட பூஜ்ஜியத்துக்குள்ளே இத்தனை விரல் ஒளிந்திருந்ததா? என்னைக் கண்டு யாராவது பயப்படுவார்கள் என்றே எனக்குத் தோன்றியதில்லையே.

3 என்று எழுதினேன். இருவருக்கும் ரத்தம் எடுக்க அனுப்பினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சின்னாயி அக்காவை ஒண்ணாம் தேதியிலிருந்து வரவேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். காயத்தைச் சொன்னவளுக்கு இதுதான் பரிசு. "நாஞ் சொல்லாமயே இருந்திருக்கலாங்க" என்றாள்.

விடுவேனா? இவளை அனுப்பிவிட்டால் நாளைக்கு எவள் வாயைத் திறப்பாள்? சபரிநாதனிடம் போய், "அக்கா வேலையை விட்டு நின்னா தொழிலாளர் துறைக்கு நானே எழுதிக் கொடுப்பேன் சார், என் பேர் போட்டு" என்றேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். பார்த்தால் தீபிகா. "ரெண்டாவதா என் பேரையும் போட்டுக்கோங்க" என்றாள்.

சாயங்காலம் காண்ட்ராக்டர் போன் பண்ணி, 'பேச்சுக்குச் சொன்னேனுங்க' என்றாராம். பேச்சுக்காம்!

செப்டம்பர் 15, திங்கள்

அக்காவுக்கு இரண்டாம் டோஸ். துப்புரவு ஆட்கள் எல்லாருக்கும் முதல் டோஸ், கைக்குத் தடித்த கையுறை. வரிசை லிஃப்ட் வரைக்கும் நின்றது. முன்னால் நின்று, "வலிக்காதுடி, நான் ரெண்டு போட்டுக்கலயா" என்று அதட்டிக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறாய்?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பொரி, சுண்டல், பொட்டு வைத்த டிராலிகள். போன மாசம் இன்னொருத்தி குத்தின அன்றைக்கே வந்து சொன்னாள், எங்கள் மாடி 4. ஆக விளக்கு தீபிகாவுக்கு, அவள் போர்டில்தான் முட்டை இருக்கிறது. பெரிய டாக்டர் அவள் பேரைக் கூப்பிட்டார். என் நெஞ்சு கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

தீபிகா போனாள். விளக்கை வாங்கவில்லை. "எங்க மாடியிலயும் இருக்குதுங்க சார். நான் எழுதல, அவ்வளவுதான்" என்றாள். எல்லார் முன்னாலும்! என்ன தைரியம் அந்தப் பிள்ளைக்கு.

விளக்கு அந்தரத்தில் நின்றது, எந்த வார்டும் கை நீட்டவில்லை. டாக்டர் சிரித்துவிட்டார். கடைசியில் அதைத் துப்புரவு அறையில், மாப்புக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் வைத்து ஏற்றினோம். சின்னாயி அக்காதான் திரி போட்டாள். இனிமேல் அது அங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜனவரி 5, திங்கள்

அக்காவுக்குப் பரிசோதனை அடுத்த மாசம். அவள் மறந்துவிட்டாள். நான்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். மலைக்கோயிலைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அர்த்தநாரீஸ்வரா, கைவிட்டுராதே.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் லேப்பிலிருந்து வந்தது. கிருமி இல்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். இல்லை. இல்லை!

சொல்ல ஓடினேன். அதற்குள் தணிக்கைக்காரர்கள் எங்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். போர்டைத் துடைக்கச் சொல்லிச் சபரிநாதன் நேற்றே கேட்டார், முடியாது என்றேன். வருஷம் பிறந்தும் போன வருஷத்து எண்ணை நான் அழிக்கவில்லை, 4 அங்கேயே நின்றது. வந்தவர்களில் மூத்த அம்மா கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு, "மற்ற ஆஸ்பத்திரியில் எல்லாம் பூஜ்ஜியம்தான் பார்க்கிறோம். இங்கே மட்டும் எப்படி நாலு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் மாப்பைச் சுவரில் சாய்க்கிற சத்தம்.

"அதுல மொதோ ஒண்ணு நானுங்க. குத்துச்சு, சொன்னனுங்க, ஊசி போட்டாங்க. இன்னமும் இங்கதான் வேல பாக்கறனுங்க."

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, சபரிநாதனையும் பார்க்கவில்லை. அக்காவிடமே மற்றதெல்லாம் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு ரிசல்ட்டைச் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், குமாரபாளையத்தில் இருக்கிற மகனுக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னாள். எங்கே எடுக்க என்றால், போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

ஆகஸ்டில் துணி சுற்றி ஒளித்த அதே விரலை நீட்டி அந்த நாலைத் தொட்டுக்கொண்டு நின்றாள். "நல்லாத் தெரியறாப்புடி எடுங்க சிஸ்டர்."