கேஜ் மேல் சந்தனம்

அக்டோபர் 13, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். பாகூர் ரோடு முழுக்கச் சேறு. பைக் செயின் தளர்ந்துவிட்டது, பார்க்க வேண்டும்.

மில்லில் நெல் ஊறும் தொட்டிக்குப் போகிற சுடுதண்ணீர்க் குழாய், இணைப்பில் சீறுகிறது. இணைப்புக்கு நடுவே வைக்கிற கேஸ்கெட் தேய்ந்து போய்விட்டது. பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். "இன்னாபா பேசற? தொட்டி நெறைய நெல்லு ஊறினு இருக்குது. தண்ணி ஆறிப்போனா அத்தனையும் நாறிப் பூடும். தீபாவளி லோடு உங்கப்பனா குடுப்பான்?"

என் அப்பன் எதற்கு இதில். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். மில்லில் ஃபிட்டர் என்று இருப்பது நானும் ஏழுமலையும்தான், யாரிடம் போய் முட்டிக்கொள்வது. ஏழு சிரிக்கிறான். "வுடு மச்சான், வால்வ மூடிட்டு மாத்திடலாம்."

வாங்க: கேஸ்கெட் ஷீட், தேவிக்கு இருமல் மருந்து, பூண்டு.

அக்டோபர் 14, செவ்வாய்

எழுதிவிட்டால் தூக்கம் வருமோ என்னவோ.

காலையில் வால்வை மூடினோம். குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடிக்க, கீழே இருக்கிற ட்ரெயின் திருகை ஏழு திறந்தான். கொஞ்சம் கொட்டியது, பிறகு நின்றுவிட்டது. குழாய் காலி. இருவருமே அப்படித்தான் நினைத்தோம். குழாயில் அழுத்தம் காட்டுகிற கேஜைப் பார்த்தால் தெரிந்திருக்கும். ஆனால் அதன் முகம் முழுக்க ஆயுத பூஜைச் சந்தனம், நடுவில் குங்குமம். சூட்டில் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக் கிடந்தது. பூஜைக்கு வைத்ததை இந்த மில்லில் யாரும் துடைப்பதில்லை, தானாக உதிர வேண்டும். அது எல்லா வருஷமும் அப்படித்தான்.

கையுறை கிடையாது. வழக்கம்போல ஈரச் சாக்கு. நான் ஷீட் வெட்டிக்கொண்டிருந்தேன், அவன் போல்ட்டைத் தளர்த்தினான். மூன்றாவது போல்ட்டில் பிய்த்துக்கொண்டு அடித்தது. ஆவியில் ஆளே தெரியவில்லை, சத்தம் மட்டும். முகம், நெஞ்சு, இரண்டு கை. சட்டையைக் கழற்றும்போது தோலும் கூட வந்தது.

பெரிய ஆஸ்பத்திரி, தீக்காய வார்டு. பேசினான். "மச்சான், ட்ரெயின் நின்னுதான போச்சு? நீயும் பாத்த இல்ல?" பார்த்தேன்டா என்றேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டான்.

அக்டோபர் 15, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

நேற்று மாலையே போல்ட்டை இறுக்கி மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். சீறிக்கொண்டேதான் ஓடுகிறது. இவர்கள் சோறுதான் தின்கிறார்களா.

ஏழு அவசரப்பட்டுவிட்டானாம், சரியாகப் பார்க்காமல் திறந்துவிட்டானாம். மில் முழுக்க இதே பேச்சு. அவன் சம்சாரம் அமுதா காதுக்கும் போயிருக்கிறது. வார்டு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அவரு மேலதான் தப்புன்னு சொல்றாங்களே. நெசமா?" இல்லை என்று சொன்னேன். எதை வைத்து என்று அவள் கேட்கவில்லை.

உள்ளே விடவில்லை. வாயில் குழாய் போட்டிருக்கிறார்களாம்.

அக்டோபர் 16, வியாழன்

பொறுக்கவில்லை. போனதும் துண்டை நனைத்துக் கேஜைத் துடைத்தேன். சந்தனம் வரவில்லை, நகத்தால் சுரண்டினேன். முள் உச்சியில் நின்றது. வால்வை மூடினேன். ஓரமாக நின்று ட்ரெயினைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை போலவே கொஞ்சம் கொட்டியது, நின்றது. முள் மட்டும் இறங்கவே இல்லை. ட்ரெயின் வாயை உப்பு அடைத்திருக்கிறது. எங்கள் போர்வெல் தண்ணீருக்குப் பானையே வெளுத்துப் போகும், குழாய் எம்மாத்திரம். போதாததற்கு வால்வும் சரியாக மூடவில்லை, உள்ளே கசிந்து ஏறிக்கொண்டே இருக்கிறது.

முதலாளியை இழுத்துவந்து காட்டினேன். லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். பாருங்க, அவன் எப்படித் திறந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றேன். அவர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சாமிக்கு வெச்ச சந்தனத்த ஏன்பா தொடச்ச?"

வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன். இங்கே எழுத முடியாது.

நேரே ஆஸ்பத்திரி. அமுதாவிடம் சொன்னேன். "அவன் மேல தப்பே இல்லமா. கண்ணால பாத்துட்டு வரேன்." "அவராண்ட சொல்லுண்ணே" என்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன், சத்தமாக. நர்ஸ் திட்டினாள். அவனுக்குக் கேட்டிருக்காது.

சாயந்திரம் போய்விட்டான்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. ஏழுவை மடுகரையில் அவன் வீட்டிலிருந்து மதியத்துக்கு மேல்தான் எடுக்கிறார்கள்.

காலையிலேயே முதலாளி போன். ஏழுவுக்காக மில் லீவாம், ராத்திரியே தொட்டியை வடித்துப் பாய்லரை அணைத்தாயிற்றாம். "எப்பிடியும் ஆறித்தான் கெடக்குது. எடுக்கறதுக்குள்ள வந்து அந்த கேஸ்கெட்ட மாத்திட்டுப் பூடுபா."

போனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. போகாதே என்றாள் என் சம்சாரம் தேவி. நான் போகாவிட்டால் நாளைக்குப் பாய்லரை மூட்டி, சூட்டிலேயே வேறு எவனையாவது திறக்க வைப்பார்கள்.

போனேன். முதலில் ட்ரெயின் அடைப்பைக் குத்தி எடுத்தேன். மிச்சத் தண்ணீர் முழுக்க வடிந்தது, பச்சைத் தண்ணீர். அப்புறம்தான் போல்ட்டில் கை வைத்தேன். ஷீட் செவ்வாய்க்கிழமை வெட்டியது, அங்கேயே கிடந்தது. வேலை முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.