நாங்க சாப்பிடப் போயிட்டோம்

நவம்பர் 2, ஞாயிறு

எங்கள் கூடைப்பந்து அணி ஃபால்கன்ஸ் இறுதி ஆட்டத்துக்குப் போயாச்சு, ஹோதன் கடைசி நொடியில் பந்தைக் கூடையில் போட்டாள், கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு!!! பள்ளிவாசல் பெண்கள் அணி ஒன்று மிஸ்ஸிஸாகா நகரக் கோப்பையில் இவ்வளவு தூரம் வந்ததே இல்லை. எனக்குப் பந்தை ஒழுங்காகப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனால் அணியின் இன்ஸ்டா பக்கம் என் கையில். வீடியோ வெட்டுவதெல்லாம் நானே கற்றுக்கொண்டது.

நவம்பர் 7, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தால் துண்டுச்சீட்டு. ‘விழிப்பு வட்டம்’ ஆட்கள் கொடுக்கிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகக் குழுத் தேர்தலில் அவர்கள் சார்பில் ஷுஐப் நிற்கிறாராம். ஷுஐப்! ஓட்டுப் போடுவதே ஹராம், பாவம் என்று போன வருஷம் முழுக்க யூட்யூபில் முழங்கினவர்! நேராகவே கேட்டேன்.

சிரித்தார். "அது வேற, இது வேற, தங்கச்சி. முதல்ல வீட்டச் சரி பண்ணுவோம். அப்புறம் ஊரு. அப்புறம் நாடு."

சீட்டின் கடைசி வரி: உடற்பயிற்சிக் கூடத்தில் பெண்களுக்கான நேரம் ரத்து.

குழுவில் ஐந்து பேர். இரண்டு பேர் ஏற்கெனவே அவர்கள் ஆட்கள். இந்த ஒரு இடமும் போனால் ஃபால்கன்ஸ் எங்கே ஆடும்?

நவம்பர் 9

ஹோதனின் அம்மா உபாஹ் ஆன்ட்டி எதிர்த்து நிற்கிறார்!! அப்புவிடம் சொன்னேன் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்). கொதித்துவிட்டார்.

"இவனுங்கள மாதிரி ஆளுங்கள லாகூர் காலேஜ்லயே பாத்தவன் நான். பாட்டுக் கச்சேரி வச்சோம்னு நாற்காலியத் தூக்கி அடிச்சானுங்க. இங்கயுமா?"

"அப்போ தேர்தல் கூட்டத்துக்கு வருவீங்கல்ல?"

"வராம? அன்னிக்குச் சாப்பாட்டுக்கு நிஹாரிக் கறிக்குழம்பு சமைக்கிறதே நான்தானே!"

நவம்பர் 15

கோப்பை நமக்கு!!! வேறு எதுவும் எழுத வரவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

தோத்துட்டோம். ஒன்பது ஓட்டு வித்தியாசம்.

எப்பவும்போல முதலில் சாப்பாடு, பிறகு கூட்டம், கடைசியில்தான் ஓட்டு. மதிய லுஹர் தொழுகைக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. நிஹாரியை ஒரு பிடி பிடித்தார்கள். பொருளாளர் கணக்கு வாசிக்க ஆரம்பித்ததும் ஒவ்வொருத்தராக நழுவல். பனியில் செருப்போடு ஓடிப்போய் அப்புவின் நண்பர் ரஃபாகத் அங்கிள் காரை மறித்தேன்.

"நம்ம ஆளுங்கதான் நிறைய பேரும்மா. எப்படியும் ஜெயிச்சிடுவீங்க" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார். அந்த நிறைய பேரும் கார்லதானே இருக்கீங்க அங்கிள்!

அப்பு? சட்டி காய்ந்துவிடும் என்று கழுவ வீட்டுக்குப் போயிருந்தார். சட்டி!

ஷுஐப் கொக்கரிக்கவில்லை. "நாங்க உக்காந்திருந்தோம், தங்கச்சி. அவ்வளவுதான்" என்றார். அதுதான் எரியுது. பொய்யில்லையே.

நவம்பர் 26

ஏதோ செய்திச் சேனல்காரர் போன் பண்ணினார். "தீவிரவாதிங்க பள்ளிவாசலக் கைப்பத்திட்டாங்கன்னு போடலாமா?"

"யாரும் கைப்பத்தல சார். நாங்க சாப்பிடப் போயிட்டோம்."

நவம்பர் 28, வெள்ளி

ஐயோ. நான் சொன்னதை வெட்டிவிட்டு, ‘கனடாவை விழுங்க வருகிறார்கள்’ என்று தலைப்பு. கீழே எங்கள் எல்லாரையும் ஊரைவிட்டுத் துரத்தச் சொல்லிக் கருத்துகள். உபாஹ் ஆன்ட்டி இருபது வருஷமாக இந்த ஊர் பஸ் ஓட்டுகிறார், அவரையுமா? ஷுஐப் அதே வீடியோவை எடுத்துப் போட்டு, "பாத்தீங்களா, நம்மள எப்படி வெறுக்கிறாங்க? நாங்கதான் உங்களுக்குப் பாதுகாப்பு" என்கிறார். ஒருத்தருக்கொருத்தர் சம்பளம் இல்லாத விளம்பரம். நடுவில் நாங்கள்.

உடற்பயிற்சிக் கூடத்துக் கதவில் புதுப் பூட்டு. ஹோதன் பனி கொட்டும் வண்டி நிறுத்துமிடத்தில் பந்து தட்டிக்கொண்டிருந்தாள். நான் படம் எடுக்கவில்லை.

டிசம்பர் 1

பள்ளிவாசல் விதிகளைப் படித்தேன். முழுசும்! ஐம்பது உறுப்பினர் கையெழுத்துப் போட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டியே ஆகவேண்டும். அங்கே எடுக்கும் முடிவுக்குக் குழு கட்டுப்பட வேண்டும். முதல் கையெழுத்து அப்பு. பேனாவை வாங்கிப் போட்டார்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஐம்பது கையெழுத்தும் சேர்ந்து, கூட்டத் தேதி கிடைத்துவிட்டது. அப்பு விடிந்ததிலிருந்து அடுப்படியில் மசாலா வறுக்கிறார், ஒரு வாரம் முன்னாடியே! ரஃபாகத் அங்கிள் போனில் கேட்டாராம், சாப்பாடு எத்தனை மணிக்கு என்று.

"ஓட்டு எண்ணி முடிச்ச பிறகு" என்றார் அப்பு. "அதுவரைக்கும் சட்டி மூடி மேல நான் உக்காந்திருப்பேன்."

இதை மட்டும் ஃபால்கன்ஸ் பக்கத்திலும் போடுகிறேன்: டிசம்பர் 14, லுஹர் முடிந்ததும். பெண்கள் நேரம் வேண்டுமா, வேண்டாமா – அந்த ஒரே கேள்வி. உங்கள் அம்மா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாருக்கும் அனுப்புங்கள். வாங்க. பசியோட வாங்க.